கடையில் வாங்கிய கண்

நர்ஸுக்கு அந்த வார்டில் பதினோரு வருஷ அனுபவம். தலையில் அடிபட்டு வந்தவர்களுக்கு மணிக்கொரு தரம் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் நடுக் கறுப்பு சட்டென்று சுருங்கினால் நிம்மதி. சுணங்கினால், உள்ளே ரத்தம் கட்டி மூளையை நெருக்குகிறதோ என்று பயப்பட வேண்டும்.

கை பழகிப்போனால் கூடவே ஒரு கெட்ட வழக்கமும் ஒட்டிக்கொள்ளும், பாருங்கள். வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது, போன மணிக்கு எழுதியதையே கீழேயும் எழுதிவிடுவார்கள்: ‘இரண்டு கண்ணும் சமம், சுருங்குகிறது.’

ஏழாம் கட்டிலில் ஒரு பெயின்டர். காலையில் ஏணியிலிருந்து விழுந்தவர். மூன்று மணிக்குப் பக்கத்துக் கட்டில்காரருக்கு வலிப்பு வந்த அமளியில், அவள் பெயின்டருக்கும் அப்படித்தான் எழுதினாள்.

நான்கு மணிக்கு டார்ச் அடித்தாள். வலது கண்ணின் கறுப்பு எள்ளளவும் அசையவில்லை. டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

“அதுல ஏம்மா அடிக்கிற? அது கடையில வாங்குன கண்ணு” என்றாள், கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பெயின்டரின் மனைவி.

“என்னக்கா சொல்றீங்க?”

“கண்ணாடிக் கண்ணும்மா. சுண்ணாம்பு தெறிச்சுப் போயிருச்சு, பத்து வருஷமாச்சு. இங்க சேர்க்கும்போது மேஸ்திரி பக்கத்துலயே நின்னாரு, எப்படிச் சொல்றது? ஒத்தக் கண்ணுக்காரனை எவன் ஏணியில ஏத்துவான்? எங்கூடச் சண்டைன்னா மட்டும் அந்தக் கண்ணைத்தான் என் பக்கம் திருப்புவாரு, மனுஷன்.”

வேறு நேரமாயிருந்தால் சிரித்திருப்பாள். போன உயிர் திரும்பியதுபோல இருந்தது, ஒரே ஒரு கணம். அப்புறம்தான் உறைத்தது: இனி நம்பிப் பார்க்க இடது கண் ஒன்றுதான். இப்போது அதில் அடித்தாள். கறுப்பு சுருங்கத்தான் செய்தது. ஆனால் கூப்பிட்ட குரலுக்கு எழுந்துவர மனமில்லாத ஆள்போல, மெல்ல. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கண்ணும் இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டு, கண் சுணங்குகிறது என்றாள். அவர் கேட்டார்: “மூணு மணிக்கு என்ன எழுதியிருக்கு? அதுவரைக்கும் நல்லா இருந்துச்சுன்னா, இது அப்புறம் போட்ட வலி ஊசியோட மயக்கமா இருக்கும். ஒரு மணி நேரம் பார்ப்போம் சிஸ்டர்.”

எழுதிய தாள் அவள் கையில்தான் இருந்தது. நல்லா இருந்தது என்று சொன்னால் வேலை தப்பும். அந்த ஒரு மணி நேரத்தில் பெயின்டர் தப்புவாரா?

“மூணு மணிக்கு நான் பார்க்கல டாக்டர். மேல இருந்ததைப் பார்த்து எழுதினேன். வலது கண்ணாடிக் கண்ணு. காலையில இருந்து அது சுருங்குதுன்னே எழுதிட்டு வர்றோம்.”



“ஸ்கேனுக்குத் தள்ளிட்டு வாங்க. உடனே. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

கட்டிலோடு கூடவே ஓடிவந்த மனைவி கேட்டாள்: “நான் மறைச்சதாலயா தங்கச்சி?”

“இல்லக்கா. நான் பார்க்காததால.”

மறுநாள் காலை. மண்டைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்த ஆபரேஷன் முடிந்து, தலைக்கட்டோடு படுத்திருந்தார் பெயின்டர். இடது இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். கறுப்பு சட்டென்று சுருங்கியது. நம்பாமல் இன்னொரு தரம் அடித்தாள்.

“யாரும்மா அது, கண்ணு கூசுது” என்று முனகினார் அவர். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்து மணிக்குப் பெரிய டாக்டர் அறையில் அவளுக்கு விசாரணை. அதற்குமுன் நேற்றைய மூன்று மணி வரியைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். கீழே, ‘வலது: கண்ணாடி. இடது: உடனே சுருங்குகிறது’ என்று எழுதிவிட்டு, டார்ச்சை அடுத்த நர்ஸின் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.