ஒன்றரை இஞ்ச்

"நெத்திக்கு வெக்க ஒரு ரூபாக் காசு இருந்தா குடுங்கப்பா" என்று சாமிதுரை கேட்டு ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. பந்தலுக்கடியில் இருந்த ஆண்கள் எல்லோரும் சட்டைப் பையைத் துழாவினார்கள். ஆளாளுக்குப் போன்தான் கையில் வந்தது, காசு வரவில்லை. டீக்கும் போன், பஸ்ஸுக்கும் போன் என்று ஆன பிறகு ஆலத்தியூரில் யார் சில்லறை வைத்திருக்கிறார்கள்?

"நூறு ரூபா நோட்டு இருக்கு பெரியப்பா" என்று ஒருவன் நீட்டினான்.

"நோட்டையாடா நெத்தியில ஒட்டுவாங்க?" சாமிதுரை எரிந்து விழுந்தார். செத்துப்போனவள் அவருடைய தங்கை கமலவேணி. சேலையை நான்கு பக்கமும் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கமலவேணியின் கணவர் தர்மன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நேற்றுத் திருச்சிக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைதான் இன்னும் உடம்பில் கிடந்தது. பையில் கைவிட்டார். காசு இருந்தது. எழுந்து போய்ச் சாமிதுரையின் கையில் வைத்தார்.

"நல்லவேளை மாப்ள" என்றார் அவர்.

அது மிஷின் கடையில் கொடுத்த காசு.

சிமென்ட் ஆலையில் ஃபிட்டராக முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வுபெற்ற தர்மனுக்கு இரும்பு சொன்ன பேச்சு கேட்கும். மரம் கேட்காது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, உளியும் சுத்தியலுமாக முதன்முதலில் ஒரு முக்காலி செய்தார். கால் மாட்டுகிற துளைகள் கோணலாகிப் போய், உட்கார்ந்தால் முக்காலி ஆடியது. கமலவேணி சிரித்து ஓய்ந்த பிறகு, பழைய காலண்டர் அட்டையை மடித்து ஒரு காலுக்கடியில் செருகினாள். "நாளைக்கு ஏறி உக்காந்து மல்லாந்தா யாரு தூக்குறது?" என்றாள்.

அன்றைக்குப் பிடித்தது, துளை போடுகிற மிஷின்மேல் பைத்தியம். வட்டமாகக் குடைகிற பிட். அதைச் சுற்றி உறை போட்டாற்போல உள்ளே கூடான சதுர உளி. பிட் நடுவில் குடையும்போதே உளி நான்கு மூலையையும் செதுக்கிவிடும். மரத்தில் கச்சிதமாகச் சதுரத் துளை விழும். ட்ரில்லிங் மிஷினோடு மாட்டுகிற சின்னதா, மேசைமேல் நிற்கிறதா, தரையில் நிற்கிற பெரியதா? உளி செட்டாகவா, தனித்தனியாகவா? பதினோரு மாதம் போனில் பார்த்தார், நோட்டில் எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார்.

"என்னையப் பொண்ணு பாத்து முடிவு சொல்ல ஒங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு. இதுக்குப் பதினோரு மாசமா?" என்றாள் கமலவேணி. நேற்றுக் காலை அவள்தான் சட்டையை எடுத்துக் கொடுத்துப் பஸ்ஸுக்கு விரட்டினாள்.

கடைக்காரர் அறிவரசன் பொறுமைசாலி. மேசை மிஷினையே முடிவு செய்ய வைத்தார். "செட்டா வாங்காதீங்க சார். பாதி உளி சும்மா கெடக்கும். ஒங்க மரச்சட்டத்தோட கனத்துல மூணுல ஒரு பங்கு, அந்த அளவுல நல்லதா ஒண்ணு போதும். கனம் எவ்வளவு?"

தர்மன் விழித்தார். உலகத்து மிஷினையெல்லாம் அளந்தவர் கொட்டகையில் சாத்தியிருந்த வேப்பஞ்சட்டத்தை அளக்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார்.

"கமலா, வேப்பஞ்சட்டம் இருக்குல்ல, அதோட கனத்த டேப் வச்சுப் பாத்துச் சொல்லு."

"கொழம்பு கொதிக்குது. எறக்கிட்டுப் பாத்துச் சொல்றேன்."

அவள் பேசியது அவ்வளவுதான்.

அதற்குள் அறிவரசன் மிஷினை ஓட்டிக் காட்டினார். பிட்டும் உளியும் ஒட்டி நின்றால் உரசிக் கருகிவிடும், நடுவில் ஒரு ரூபாய்க் காசின் கனத்துக்கு இடைவெளி வேண்டும் என்று மேசை டிராயரிலிருந்து காசு எடுத்து வைத்து அளந்தார். "காச வச்சுக்குங்க சார், மிஷினோட சேத்திதான்" என்று சிரித்தார். சத்தம் நின்று தர்மன் போனைப் பார்த்தபோது கமலவேணி கூப்பிட்டிருந்தாள். 11.52. திரும்பக் கூப்பிட்டார், மணி அடித்து அடங்கியது. வேலையாக இருப்பாள் என்று நினைத்தார். அளவை நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். இலையில் சோறு விழுந்த நேரத்தில் பக்கத்து வீட்டு வளர்மதி அழுதுகொண்டே பேசினாள். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் கமலவேணி விழுந்து கிடக்கிறாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மகள் சிவரஞ்சனி ஓசூரிலிருந்து விடியும்போது வந்தாள். அழுது முடித்து அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தாள். நேரே அப்பாவிடம் வந்தாள்.

"கடைசியா ஒங்களத்தான் கூப்ட்டிருக்கு. ஏம்ப்பா எடுக்கல?"

"மிஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு."

"நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லத்தான் கூப்ட்டிருக்கும். நீங்க மிஷின் பாத்துக்கிட்டிருந்திருக்கீங்க."

அதன் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவரே அந்த 11.52-ஐத்தான் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தார். அளவு சொல்லக் கூப்பிட்டாளா, வலிக்கிறதென்று கூப்பிட்டாளா? வெயிலில் அவளைக் கொட்டகைக்கு அனுப்பியதே தான்தான் என்பதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"மாப்ள, வா. கடைசியா ஒரு பொட்டு வச்சு வுடு" என்று சாமிதுரை கூப்பிட்டார்.

பச்சைச் சேலையும் தலை நிறையக் கதம்பமுமாகக் கமலவேணி கிடந்தாள். பூவும் பொட்டுமாகப் போகிறாள், கொடுத்து வைத்தவள் என்று யாரோ ஒரு அம்மா சொன்னாள். அந்தக் கொடுத்து வைத்ததை என்ன செய்வதென்று தர்மனுக்குத் தெரியவில்லை. குங்குமத்தை வைத்தார். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டினார்கள். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காக வளர்மதி கமலவேணியின் இடக்கையைத் தூக்கினாள்.

உள்ளங்கையில் நீல மையில் ஏதோ எழுதியிருந்தது. தர்மன் குனிந்து பார்த்தார். 1½.

"நானும் மஞ்சளப் போட்டு எவ்வளவோ தேச்சேன். போவல" என்றாள் சிவரஞ்சனி, யாருக்கோ சொல்வதைப் போல.

"பால் கணக்கா இருக்கும்" என்றாள் அந்த அம்மா.

தர்மன் வளர்மதியைப் பார்த்தார். வளர்மதி தலை குனிந்துகொண்டாள்.

"எங்கிட்டதாண்ணே பேனா வாங்குச்சு" என்றாள் மெதுவாக. "வேலியோரமா வந்து, 'போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறாரு, அதுக்குள்ள எனக்கு மறந்துபோயிடும், பேனா இருந்தா குடு'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. பேனாவத் திருப்பிக் குடுக்க வரலியேன்னு எட்டிப் பாத்தா..."

நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத தர்மன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். வலிக்கவில்லை, அவளுக்கு அப்போது வலிக்கவில்லை. அந்த ஆறுதலே அவரைப் போட்டு அறுத்தது. ஒரு நம்பரை மறக்கக் கூடாதென்று கையில் எழுதிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு கொட்டகைக்குப் போனார். வேப்பஞ்சட்டம் அதே இடத்தில் சாத்தியிருந்தது. டேப் தரையில் கிடந்தது. எடுத்துச் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஒன்றே கால்.

இன்னொரு முனையில் வைத்தார். ஒன்றே கால்தான். டேப்பைச் சாய்த்துப் பிடித்திருப்பாள். எதை அளந்தாலும் அவள் அப்படித்தான். ஜன்னலுக்குத் திரைச்சீலை எடுத்தபோதும் ஒரு சாண் கூடுதலாக வந்தது.

போன் அடித்தது. அறிவரசன்.

"சார், கனம் பாத்துச் சொல்றேன்னீங்களே. ஒங்க உளி மட்டும்தான் பாக்கி, மிஷின பேக் பண்ணியாச்சு."

கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. சிவரஞ்சனி, வளர்மதி வீட்டுக் காபியோடு நின்றாள். போன் குரல் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் முகம் மாறியது.

"ஒண்ணரை இஞ்ச்" என்றார் தர்மன்.

"ஒண்ணரைன்னா அரை இஞ்ச் உளி வரும். சரியாப் பாத்தீங்களா சார்? கனம் கொறைவா இருந்தா அரை இஞ்ச் போட்டா சட்டம் பலமில்லாமப் போயிடும். அப்புறம் மாத்த முடியாது."

தர்மன் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார்.

"வூட்டுல அளந்து சொன்னாங்க" என்றார். "ஒண்ணரைதான். அதையே அனுப்புங்க."

போனை வைத்துவிட்டு டேப்பைச் சுருட்டினார். சிவரஞ்சனி மஞ்சள் போகாத விரல்களால் டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். பிறகு மூலையில் கிடந்த முக்காலியை இழுக்காமல், இருந்த இடத்திலேயே அதன்மேல் உட்கார்ந்தாள். கமலவேணி செருகிய அட்டை அப்படியே இருந்ததால் அது ஆடவில்லை.