இருபது அடித் தண்ணீர்

ஏரி நிரம்பிவிட்டது என்று அரசாங்கம் அறிவித்து அன்றோடு நாலு நாள். நாலு நாளும் வடிவாம்பாள் படகில்தான் உட்கார்ந்திருந்தாள். படகு கரையிலிருந்து ஒரு முழம் நகர்ந்திருந்தது. அடியில் பாளம் பாளமாக வெடித்த மண். துடுப்புப் போடுகிறவர்கள் அதைப் பிறாண்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கரையில் மகள் கோமளத்துக்கு நிறைமாதம். தலைப்பிரசவம். புருஷன் வெளியூரில். தாய்வீட்டுக்கு அழைத்துவர நாள் பார்த்து வைத்திருந்தார்கள். அதற்குள் ஏரி நிரம்பிவிட்டது.

காலையில் செல்போன் அடித்தது.

"அம்மா, வலி எடுத்துடுச்சு."

"இதோ வந்துட்டேன்டி."

"எங்கம்மா இருக்கே?"

"படகுல."

வடிவாம்பாள் எழுந்தாள். மிதவைச் சட்டை போட்டிருந்த படகு அதிகாரி மாசிலாமணி கையை நீட்டி மறித்தார்.

"இறங்கக் கூடாதும்மா. ஆழம் இருபது அடி."

"தரை தெரியுதே சார்."

"தெளிஞ்ச தண்ணி."

பக்கத்தில் பச்சையப்பன் மூன்றாவது தடவையாக வாந்தி எடுத்து முடித்தான். அவனுக்கு அலை ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா, இந்தக் காலிக் குடத்தையாவது வயித்துல கட்டிக்கிட்டு இறங்கு" என்றான்.

"குடம் இருக்கட்டும். குடிக்க ஒரு வாய் தண்ணி இருக்கா?"

"சுத்தி அவ்வளவு தண்ணி இருக்கு. மொண்டு குடியேன்."

முந்தின நாள் ஆடு தேடிப் போன மூன்று பேர் மூழ்கிச் செத்திருந்தார்கள். காய்ந்த மண்ணில் உப்பிக் கிடந்ததை வடிவாம்பாளே பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. இறங்கினாள்.

இறங்கினதும் கை தானாகப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியது. பத்தடி நடந்தபின் வெட்கமாகிப் போய் இறக்கிவிட்டாள்.

"இடுப்பளவு போயிட்டா சார்" என்றான் பச்சையப்பன்.

"ம்."

"கழுத்து."

"ம்."

"அவ்வளவுதான். தலையும் போச்சு."

மாசிலாமணி பதிவேட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டார். நல்ல மனுஷி என்று படகே சொன்னது.

நடு ஏரியில் அவளுக்கு நெஞ்சை அடைத்தது. காதுக்குள் குமிழி உடைகிற சத்தம். நின்றாள். கீழே துப்பினாள். மண் எச்சிலை உடனே உறிஞ்சிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு நடந்தாள்.

மகள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கோமளம் தரையில் பாயில் கிடந்தாள்.

"அம்மா, நீ மூழ்கிட்டேன்னு மைக்ல சொன்னாங்களே."

"வந்துட்டேன். முக்குடி."

வெளியே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ. மதகு உடைந்தது. தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே போயிற்று. தெருவே மொட்டைமாடிக்கு ஏறியது. எருமையைக்கூட ஏற்றினார்கள்.

கோமளம் தலையைத் தூக்கிக்கொண்டாள்.

"தண்ணி வந்துடுச்சும்மா."

"எங்கடி?"

"காதுகிட்ட."

"என் கையைத் தொட்டுப் பாரு. ஈரமா இருக்கா?"

கோமளம் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சுதான் இருக்கு. ஆனா அரசாங்கமே சொல்லும்போது உன் கையை எப்படிம்மா நம்பறது?"

"அப்ப உன் கையை நம்பு."

"என் கையும் தண்ணிக்குள்ளதாம்மா இருக்கு."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். கன்னம் உப்பியது. வடிவாம்பாள் கன்னத்தில் அறைந்தாள். மூக்கைப் பிடித்துத் திருகினாள். "மூச்சு விடுடி, பாவி. காத்துதான்டி." ஆட்டோ திரும்பி வந்தது. கூரை வரை தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

குழந்தை வந்தது. பெண். அது எந்த அறிவிப்பையும் கேட்டிருக்கவில்லை. வாயைத் திறந்து காற்றை இழுத்தது. வீல் என்று கத்தியது.

கோமளத்தின் மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் வழிந்தது. பாய்கூட நனையவில்லை. வடிவாம்பாள் அந்த உப்பின கன்னத்தை வெகுநேரம் அமுக்கிப் பார்த்தாள். உள்ளே இருந்த காற்று வெளியே வரவில்லை.

குழந்தையை முந்தானையில் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். புழுதி பறந்தது. மாடியிலிருந்து எல்லோரும் கத்தினார்கள்.

"ஐயோ, அந்தக் குழந்தை எங்க மிதக்குது பாருங்க!"

"மிதக்கலை" என்றாள் வடிவாம்பாள். "நான் தூக்கிட்டிருக்கேன்."

"நீதான் செத்துட்டியேம்மா!"

அவள் குழந்தையின் காது இரண்டையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நடந்தாள். தெருமுனையில் ஆட்டோ மறுபடி திரும்பிக்கொண்டிருந்தது.