மேல்மனைச் சுவர்

மலாயாவில் ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் இருந்த அந்தச் சிறு பட்டணத்தில், யேசுதாசன் சைக்கிளில் வருவதைக் கண்டால் ஜனங்கள் முதலில் தங்கள் வேலியைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் பட்டணத்துச் சாலை, கட்டடங்களைக் கவனிக்கும் போர்டு கச்சேரியில் ஓவர்சியர். சாலையோர வேலி நாலடிக்கு மேல் உயரக் கூடாது, முள்கம்பி நடக்கிறவர்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, செம்பருத்தி வேலி கால்வாயில் சாயக் கூடாது. இதையெல்லாம் அளந்து எழுதுவது அவர் வேலை. ஆனால் பார்த்த கையோடு எழுதிவிடுகிற ஆள் அல்ல. "நாளைக்கு வாரேன், அதுக்குள்ள வெட்டி விட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். பத்தில் ஒன்பது வேலி மறுநாள் சரியாக இருக்கும். அதனால் அவரைப் பற்றி யாரும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை.

பெருவெள்ளம் வந்த மறுவருஷம், அதாவது இருபத்தேழாம் வருஷம், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் எழுதினார். அது கார்த்திகேசு வீட்டுக்குப் பின்னால் இருந்த சுவர்.

கார்த்திகேசுவும் அவன் மனைவி நல்லம்மாளும் கித்தா என்கிற ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். கித்தா விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்த சமயத்தில் வெளியே வந்து, குன்றடியில் ஒரு துண்டு மனை வாங்கி, பலகை வீடு கட்டி, மூன்று மாடு வளர்த்துப் பால் ஊற்றிப் பிழைத்தார்கள். குன்றின் மேல்மனை சீன முதலாளி லியோங் தவுக்கேயுடையது. ஈயம் தோண்டும் லம்பத்தில் நல்ல காசு வந்த காலத்தில் பங்களா கட்டுவதற்காக அவர் சரிவில் மண் கொட்டிச் சமப்படுத்தி, அந்த மண் சரியாமல் இருக்கப் பதினோரு அடி உயரத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பியிருந்தார். லம்பம் படுத்ததும் பங்களாவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் நல்லம்மாள் யேசுதாசனை வழியில் நிறுத்தினாள்.

"அண்ணே, எங்க வீட்டுப் பின்பக்கம் கொஞ்சம் வந்து பாருங்களேன். மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால சுவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது. எனக்குத்தான் அப்படித் தெரியுதா என்னான்னு தெரியல."

யேசுதாசன் போய்த் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். அவள் கண்ணுக்கு மட்டும் அப்படித் தெரிந்ததல்ல. நடுப்பகுதியில் சுவர் முக்கால் அடி வெளியே வந்திருந்தது. பதினோரு அடிச் சுவரில் தண்ணீர் வடிய ஒரு துளை கிடையாது. மேலே கொட்டிய மண் மழைநீரையெல்லாம் குடித்துக்கொண்டு உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து அவர்கள் அடுப்படி ஆறடி தூரம்.

"எழுதிடறேன் தங்கச்சி. இத எழுதித்தான் ஆகணும்" என்றார். அன்று சாயங்காலமே எழுதினார். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில், வழக்கத்தைவிட அழகான கையெழுத்தில் எழுதினார்.

கச்சேரி ஒழுங்கு முறைப்படி எல்லாம் நடந்தது. சுவர் யார் நிலத்தில் நிற்கிறதோ அவர்தான் சரி செய்ய வேண்டும். அவருக்குத்தான் நோட்டீஸ் போக வேண்டும். ரிஜிஸ்டரில் இருந்த கோப்பெங் விலாசத்துக்கு நோட்டீஸ் போயிற்று. இரண்டு வாரம் கழித்து, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. கோலா கங்சாரில் தம்பி இருப்பதாக யாரோ சொல்ல, அங்கே ஒன்று போயிற்று. அதுவும் திரும்பி வந்தது. பிறகு பூட்டிக் கிடந்த பங்களாவின் கேட்டில் யேசுதாசனே ஒரு நோட்டீஸை ஒட்டினார். முப்பது நாள் தவணை. மழை அதைப் பத்து நாளில் கரைத்துவிட்டது.

அக்டோபர் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நல்லம்மாள் அடுப்பைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தாள். மாடுகளை எங்கே கட்டுவது? வேறு இடத்தில் கட்ட அதற்கும் பர்மிட் வேண்டும். கொட்டகையிலேயே நின்றன.

"அண்ணே, அந்தத் தவுக்கே வரலன்னா நாங்களே நாலு கட்ட குடுத்து நிறுத்திக்கலாமா?" என்று கார்த்திகேசு கேட்டான்.

"சுவரு அவரு நிலத்துல இருக்குலா. அவரு கையெழுத்து இல்லாம நீ தொடக் கூடாது."

"விழுந்தா எங்க நிலத்துலதானே விழும்?"

 விதிப் புத்தகத்தை யேசுதாசன் அந்த வாரம் மூன்று தடவை புரட்டிப் பார்த்தார். சுவருக்குச் சொந்தக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று இருந்தது, போர்டு என்ன செய்யலாம் என்று இருந்தது. சுவருக்குக் கீழே குடியிருக்கிறவன் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, கோவில் சட்டையோடேயே அவர் குன்றடிக்கு வந்தார். இரண்டு நாளாக மழை விட்டிருந்தது. சுவரில் சாக்கட்டியால் எட்டு இடத்தில் வட்டம் போட்டார்.

"இந்த இடத்துல மட்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சுண்ணாம்பு இருக்கு பாரு, அத மட்டும் பேத்து எடு. கல்லத் தொடாத. கீழ் வரிசையில இருந்து ஆரம்பி."

கார்த்திகேசு கடப்பாரையை எடுத்தான். முதல் துளையிலிருந்து வெறும் மண்தான் வந்தது. இரண்டாவதில் கடப்பாரையை இழுத்ததும் செந்தண்ணீர் பீய்ச்சி அடித்து அவன் மார்பை நனைத்தது. மதியத்துக்குள் எட்டுத் துளையும் ஓடிக்கொண்டிருந்தன. மாட்டுக் கொட்டகைக்குள் கணுக்கால் அளவு சேறு. நல்லம்மாள் மண்வெட்டியால் வாய்க்கால் இழுத்து அதைச் சாலைக் கால்வாயில் விட்டாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரித்ததை யேசுதாசன் பார்த்தார். அதன் பிறகு வந்த மழைக்கெல்லாம் துளைகளில் தண்ணீர் வழிந்து ஓடியது. ஒவ்வொரு வாரமும் அவர் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். சுவர் ஒரு நூல்கூட நகரவில்லை.

ஆனால் அவர் எழுதிய ரிப்போர்ட்டு கச்சேரியில் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டுதான் இருந்தது. நவம்பர் கடைசியில் அது இஞ்சினியர் துரை கைக்குப் போய், அவரே நேரில் பார்க்க வந்தார். துரை பொல்லாதவர் அல்ல. வந்தவர் மாட்டைத் தடவிக் கொடுத்தார். சுவரை மேலும் கீழும் பார்த்தார். துளைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது பிளானில் இல்லையே. யார் போட்டது?" என்று யேசுதாசனிடம் இங்கிலீஷில் கேட்டார்.

யேசுதாசன் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார்.  நான்தான் இடம் காட்டினேன் என்பதையும் இங்கிலீஷில் சொல்ல அவருக்குத் தெரியும். நாலைந்து வார்த்தைதான். வீட்டில் மனைவி இருதயமேரியும் மூன்று பெண் குழந்தைகளும் இருந்தார்கள். வீடு போர்டு கொடுத்தது.

"நான்தான் போட்டேன், தொரெ" என்றான் கார்த்திகேசு. யேசுதாசன் பக்கம் அவன் பார்க்கவே இல்லை.

துரை தலையை ஆட்டினார். துளை போட்டது தப்பு என்றுகூட அவர் சொல்லவில்லை. தண்ணீர் வடிவது நல்லதுதான். ஆனால் சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் யாரோ கை வைத்த சுவர் இனி எவ்வளவு தாங்கும் என்று நான் கையெழுத்துப் போட முடியாது. சுவரை இடிக்க எனக்கு அதிகாரம் இல்லை, கோர்ட்டுக்குப் போக வேண்டும். கீழே உள்ள வீட்டை மூட அதிகாரம் இருக்கிறது. உயிர் முக்கியம் அல்லவா? இப்படித்தான் சொன்னார். நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். எதுவும் தப்பாக இல்லை. யேசுதாசன் எல்லாவற்றையும் தமிழில் சொல்லி முடித்தார்.

"சுவரு சாயுதுன்னு நாங்கதானே சொன்னோம்?" என்றாள் நல்லம்மாள். அது யாரைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்று தெரியவில்லை.

வீடு மூடும் நோட்டீஸை யேசுதாசன்தான் கதவில் அடித்தார். ஆணி பலகையில் இறங்கும்போது உள்ளே அவள் பாத்திரங்களைச் சாக்கில் போடும் சத்தம் கேட்டது. மாட்டுக்குப் பர்மிட் உள்ள இடம் பட்டணத்தில் எங்கும் கிடைக்கவில்லை. அவரும் மூன்று நாள் அலைந்து பார்த்தார். மாடுகளை, அங்கே வங்காளி என்று அழைக்கப்படும் சீக்கியர் ஒருவர் விலை பேசி ஓட்டிக்கொண்டு போனார். கார்த்திகேசு பழைய தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரைப் போய்ப் பார்த்தான். இப்போது கித்தாவுக்கு ஆள் வேண்டியிருந்தது. கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு காலியாக இருந்தது. ஒரு மாட்டு வண்டியில் சாமான் அடங்கிவிட்டது.

ஆள் இல்லாத வீடு இடைஞ்சல் என்று ஜனவரியில் போர்டு ஆட்கள் அதைப் பிரித்துப் போட்டார்கள். சுவர் நின்றது.

பிப்ரவரியில் லியோங் தவுக்கேயிடமிருந்து கடிதம் வந்தது. அவர் இவ்வளவு நாளும் லூமுட்டில் மகள் வீட்டில் படுக்கையாக இருந்திருக்கிறார். நோட்டீஸ் எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை என்றும், சுவரை உடனே தம் செலவில் சரி செய்து தருவதாகவும், கீழ்வீட்டுக்காரர்களுக்கு உண்டான சிரமத்துக்கு மிகவும் வருந்துவதாகவும் எழுதச் சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிறு யேசுதாசன் சைக்கிளை மிதித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். நல்லம்மாள் லயத்து வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள், கோப்பி கொடுத்தாள். பால் இல்லாத கோப்பி. அவர் கடிதத்தில் இருந்ததைச் சொன்னார்.

"அப்ப சுவரு நல்லா ஆயிருமா அண்ணே?"

"ஆயிரும்."

"அப்ப நாங்க திரும்பி வரலாம்ல? மனை எங்க பேர்லதானே இருக்கு. பலகை எப்படியாச்சும் சேத்துக்கலாம்."

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். வழியெல்லாம் இதற்குத்தான் வார்த்தை தேடிக்கொண்டு வந்தார்.

"பழைய வீடு பழைய கணக்குல நின்னுச்சு தங்கச்சி. புதுசா கட்டணும்னா பிளான் குடுக்கணும். சுவரு எவ்வளவு ஒசரமோ அவ்வளவு தூரம் தள்ளித்தான் வீடு கட்டலாம்னு இருக்கு. முன்னால சாலைக்கும் பத்தடி விடணும். ரெண்டையும் கழிச்சா உங்க மனையில..." அவர் கைகளை அகட்டிக் காட்டினார். ஒரு கட்டில் போடும் அகலம்தான் இருந்தது.

அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிச்சத் துணியை எடுத்து உதறிக் கயிற்றில் போட்டாள்.

"வேலி போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். "சும்மா கெடந்தா கண்டவனும் குப்ப கொட்டுவான்லா."

"போட்டுக்கலாம். நாலடிக்குள்ள போட்டுக்கலாம்."

கார்த்திகேசு சாலை வரைக்கும் கூட நடந்து வந்தான். கித்தா மரங்களுக்கு நடுவே அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பிறகு யேசுதாசன் சொன்னார்: "அன்னைக்குத் தொரெ கேட்டப்ப நான் வாயத் தொறந்திருக்கணும்."

"தொறந்திருந்தா உங்க வீடும் போயிருக்கும், அண்ணே. எங்க வீடு நின்னிருக்காது" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. 

மார்ச்சில் தவுக்கேயின் ஆட்கள் வந்து சுவரைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். அடியில் அகலமாக, நல்ல சரிவோடு, நாலடிக்கு ஒரு துளை விட்டுக் கட்டினார்கள். அளந்து பார்த்து, விதிப்படி இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் யேசுதாசன். விதிப்படிதான் இருந்தது. எழுதிக் கொடுத்தார்.