பார்க்காத அத்திவாரம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: வீட்டுக்காரி காத்தாயி, பலாபத்வலயில் சோற்றுக்கடை வைத்திருப்பவள். வீட்டைக் கட்டிய கொத்தனார் புஹாரி பாஸ். ஒப்பந்தம் எழுதிய நொத்தாரிசின் கிளாக்கர் பழனிமுத்து. கடைசியாக, பிளான் வரைந்து சான்று கொடுத்த மாத்தளைச் சண்முகராஜா. வராமல் தப்பிக்கத்தான் பார்த்தார். காத்தாயி ஆள்மேல் ஆள் அனுப்பிவிட்டாள்.

1934. வீடு முடிந்து ஒன்பது மாதம். அவர்கள் நின்ற பின்னறையின் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரல் நுழையும் வெடிப்பு.

பழனிமுத்து ஒப்பந்தத்தை வாசித்தான். அத்திவாரம் மூன்றடி ஆழம் இருக்கவேண்டும். குழியை மூடுமுன் பிளான்காரர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து விழுந்தபின் பாஸுக்குப் பொறுப்பில்லை. பாராமல் இட்டிருந்தால், நட்டம் இட்டவருடையது.

"ஐயா கையெழுத்து இருக்கே," என்றார் புஹாரி, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "மாத்தளையில குந்திக்கிட்டே பலாபத்வல குழிக்கு ஆழம் பாக்குற கண்ணு! நமக்கெல்லாம் வாய்க்கல்ல."

பழனிமுத்து சிரிப்பை இருமலாக்கினான்.

சண்முகராஜாவுக்குக் காது சுட்டது. அன்று நல்ல மழை. நாலு மைல் நனைந்து போக அலுப்பு. பாஸின் ஆள் கொண்டுவந்த கடதாசியில், சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாமலே கையெழுத்திட்டார். இப்போது அதை ஒப்புக்கொண்டால் சுவர் அவர் தலையில். அப்புறம் எவன் அவரிடம் பிளான் கேட்டு வருவான்?

"பாத்துட்டுத்தான் போட்டேன்," என்றார்.

காத்தாயி அவர் முகத்தையே பார்த்தாள். "அன்னைக்கு முழுக்க குழி ஓரமா குடையோட நின்னேங்க. நீங்க வருவீங்கன்னு தேத்தண்ணி ஊத்தி வச்சு, ஆறி, கீழ கொட்டினேன். சரி, படிச்சவங்க, பாத்தேன்னு சொல்றீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. எம்மவ புதன்கிழம பிரசவத்துக்கு வர்றா. இந்தச் சுவரு ஓரமா அவளுக்குப் பாய் போடலாமா?"

புஹாரி மெல்லுவதை நிறுத்தினார்.

போடலாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சண்முகராஜா வாயைத் திறந்தார்.

"வேணாம்."

"ஏங்க?"

"குழி எவ்வளவு ஆழம்னு எனக்குத் தெரியாது. நான் வரல்ல."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு அவரும் கத்தியிருக்கலாம்.

"ஒன்றரையடிதாங்க," என்றார் புஹாரி, தரையைப் பார்த்தபடி. "தண்ணி ஊறிச்சு, மேல தோண்ட முடியல்ல. வந்து பாத்துச் சொல்லுங்கன்னுதான் ஆள அனுப்பினேன். கையெழுத்துதான் வந்திச்சு. நானும் மூடிட்டேன்."

பழனிமுத்து கடதாசியை நீட்டினான். 'நான் நேரில் பார்க்கவில்லை' என்று எழுதச் சண்முகராஜாவுக்கு வெகுநேரம் ஆயிற்று.

காத்தாயி அதை வாங்கிக்கொண்டாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினாள்.

"வெளிய வாங்க எல்லாரும். சுவரு விழுந்து தொலைக்கப் போவுது."

மற்ற இருவரும் போனபின், கடைசியாகச் சண்முகராஜா குனிந்த தலையோடு அறை வாசலைத் தாண்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் காத்தாயி அறைக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.