தோளில் தெரிந்த நாலு விரல்

எங்கள் மீனவக் குப்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வரவேற்பன்று மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஒரு பொய்ப் பத்திரிகை அச்சடித்து, வருகிறவர்கள் கையில் எல்லாம் திணிப்பார்கள். மாப்பிள்ளையின் மானத்தை வாங்குவதுதான் அதன் ஒரே வேலை.

எனக்குப் பார்த்திருக்கும் அசோகனுக்கு, அவர் சிநேகிதர் பட்டினப்பாக்கத்துப் பிரபாகர் அண்ணன் பவர்பாயிண்டில் ஒன்று செய்து, படமாக வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். மேலே கொட்டை எழுத்தில் 'கல்யாண முரசு'. அதன் கீழே, 'முத்துமாரி வலையில் வாலிபர் சிக்கினார்! பட்டினப்பாக்கத்தில் பரபரப்பு.' அந்த முத்துமாரி நான்தான். நடுவில் அசோகன் சிரிக்கிற போட்டோ, கீழே என் போட்டோ.

நானும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். அப்புறம்தான் அவர் தோளில் நாலு விரல் தெரிந்தது. அவருடையது இல்லை. பக்கத்தில் நின்ற யாரையோ வெட்டிவிட்டு, விரலை மட்டும் மறந்திருக்கிறார்கள்.

தி.நகரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை ஆபீசில், பக்கத்து சீட்டு அஃப்சருன்னிசாவிடம் போனை நீட்டினேன். அவள் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பொம்பள விரல்தான்டி. சந்தேகமே இல்ல."

வருகிற ஞாயிறு கல்யாணம். உடனே அசோகனுக்குப் போன் போட்டேன்.

"அந்தப் போட்டோல உங்க பக்கத்துல நின்னுக்கினு இருந்தது யாருங்க?"

"யாரும் இல்லியே. அத்த வுடு, நீ சாப்ட்டியா?"

பதில் சொல்ல வழி இல்லாத ஆம்பளைதான் சாப்பிட்டியா என்று கேட்பான். சந்தேகம் கெட்டியாகிவிட்டது. பிரபாகர் அண்ணனைப் பிடித்தேன்.

"எடம் பத்தல தங்கச்சி, அதான் கட் பண்ணிட்டேன்" என்றார்.

போட்டோவுக்குப் பக்கத்திலேயே பாதிப் பத்தி காலியாகக் கிடக்கிறது. யாரிடம் கதை விடுகிறார்கள் இரண்டு பேரும்? இன்னொருத்தி இருந்தால் அந்தத் தாலி எனக்கு வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

"பொண்ணு வீட்டு நியூஸ நானே அடிச்சிக்கிறேண்ணா, ஃபைல அனுப்புங்க" என்று தேனாகப் பேசினேன். மனுஷன் அனுப்பிவிட்டார்.

கடை விற்பனைக் கணக்கை வாராவாரம் பவர்பாயிண்டில் போடுகிறவள் நான். அதில் படத்தை வெட்டினால் வெட்டிய பகுதி போய்விடாது, மறைந்துதான் இருக்கும். வெட்டுகிற 'கிராப்' பொத்தானை மறுபடி அமுக்கினால் முழுப்படமும் திரும்பி வரும். இது பிரபாகர் அண்ணனுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். அடுப்பில் அம்மா நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். கிராப்பை அமுக்கினேன். விரலுக்குப் பின்னால் வளையல் இல்லாத ஒரு கை வந்தது. வெளுத்த நூல் புடவை வந்தது. பொட்டில்லாத நெற்றி.

எனக்கு மாமியாராகப் போகிற தேவானை. மகனைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே கோபம் தலைக்கு ஏறியது. பெற்றவளையா வெட்டுவான்? பிரபாகர் அண்ணனுக்கு மறுபடி போட்டேன்.

"மரியாதையா சொல்லுங்கண்ணா. யாரு வெட்டச் சொன்னது?"

அவர் இழுத்தார். "உங்க அம்மாதான் தங்கச்சி. உன் போட்டோ வாங்க வந்தப்ப இதப் பாத்துட்டாங்க. தாலி இல்லாதவங்க மூஞ்சி மொதப் பக்கத்துல வேணாம்னு சொன்னாங்க. உனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவேன்னு அசோகன்தான் வாயத் தொறக்காதன்னான்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன்.

"இன்னாம்மா இது?"

அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். "நல்ல காரியத்துல அது மூஞ்சிலியா முழிக்கணும்? வர்றவங்க இன்னா பேசுவாங்க?"

மாமனாரைக் கடல் கொண்டுபோனது அம்மாவுக்குத் தெரியாததா?

"அப்பாவும்தான் தெனம் கடலுக்குப் போறாரு. ஒருநாளு திரும்பி வரலன்னா உன்னியும் வெட்டிடட்டுமா?"

அம்மாவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. சொல்லியிருக்கக் கூடாத சொல். ஆனால் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து போட்டோவை இரண்டு பத்தி அகலத்துக்கு இழுத்தேன். என் போட்டோவைச் சின்னதாக்கி மூலைக்குத் தள்ளினேன். நெத்திலி கருகும் வாசனை வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி என் பின்னால் வந்து நின்றாள்.

"அவங்க மூஞ்சி இருட்டா கீது" என்றாள். "கொஞ்சம் வெளிச்சம் வைடி."