ரேடியேட்டரில் ஊற்றியது

வண்டலூரில் எங்கள் கார் கொதித்து நின்றபோது என் மனைவி கோகிலவாணி பட்டுப்புடவையில் இருந்தாள். பானெட்டிலிருந்து கிளம்பிய ஆவிக்கும் ஜிஎஸ்டி சாலையின் புழுதிக்கும் நடுவே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி கூடுவாஞ்சேரி போய்ச் சேர்ந்தோம். ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையை விட்டு இறங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் மைத்துனன் கேசவன் பந்தி முழுக்கக் கேட்கும்படி விசாரித்தான்: "மாமா, இன்னைக்கு எந்த ஊர் வரைக்கும் வந்துது வண்டி?"

திரும்பும்போது ரயிலில் கோகிலவாணி தன் முடிவை அறிவித்தாள்.

"இன்னொரு தடவை நடுரோட்ல நிறுத்தினீங்கன்னா, அதுக்கப்புறம் அந்த வண்டியில நான் ஏறமாட்டேன். நீங்க மட்டும் போய்க்குங்க."

இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் மிரட்டும் வழக்கமில்லாதவள். நான் ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் பேசிக்கொள்ளும் ஒரே இடம் அந்தப் பதினான்கு வயதுக் கார்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாலையைப் பார்த்துப் பேசுவதால் இருக்கலாம். அதுவும் போய்விட்டால் எனக்கு மிச்சம் தொலைக்காட்சி.

செம்பாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஜமீர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலால் வழித்துக் காட்டினார். எங்கள் குளியலறைக் குழாயில் படிந்திருக்கும் அதே வெள்ளைப் பொருக்கு.

"இன்னா சார், இத்தினி வருஷமா போர் தண்ணியா ஊத்திகினு இருந்தே?"

"குறைஞ்சா ஊத்துவேன்."

"வண்டி இன்னும் ஓடுதே, அதான் சார் ஆச்சரியம். விட்டுட்டுப் போ, நாளைக்கு ஃபிளஷ் பண்ணித் தரேன்."

வேண்டாம் என்றேன். மோட்டார் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவன் நான். அடுத்தவர் வண்டி எதனால் கெட்டது என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லத் தெரிந்தவன். பத்து வீடியோக்களும் பார்த்திருந்தேன். என் கையாலேயே செய்து, என் மனைவியை நானே கூட்டிப்போக வேண்டும் என்ற வீம்பு வேறு. அடுத்த ஞாயிறு கேசவனின் மகள் ஸ்ம்ருதிக்கு மறைமலை நகரில் வளைகாப்பு.

ஜமீர் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவைக் கொடுத்துவிட்டு விரலை ஆட்டினார். "பாதிக்குப் பாதி தண்ணி கலக்கணும். பேட்டரி கடையில டிஸ்டில்டு வாட்டர் விக்கிறான், அதை வாங்கி ஊத்து. போர் தண்ணி மட்டும் திரும்ப ஊத்தாதே சார், உனுக்குப் புண்ணியமா போவும்."

சனிக்கிழமை காலை, எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது, செய்தித்தாளை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். வீடியோவில் தெரிந்த வடிகுழாய்த் திருகு என் வண்டியில் தென்படவில்லை. கடைசியில் கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தினேன். டிகாக்ஷன் நிறத் தண்ணீரில் பாதி அடியில் வைத்த பேசினிலும் பாதி என் பனியனிலும் விழுந்தது. குழாய்த் தண்ணீரை விட்டு, நிறம் வெளுக்கும்வரை நான்கு முறை அலசினேன். அதுவரைக்கும் எல்லாம் சரிதான்.

கடைசி அலசலுக்கும் கூலன்ட்டில் கலக்கவும்தான் சுத்தமான தண்ணீர் தேவைப்பட்டது. பேட்டரி கடைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டியபோது ஒரு யோசனை வந்தது. சமையலறையில் எட்டு வருடமாக ஆர்ஓ மெஷின் ஓடுகிறது. அதிலிருந்து ஒரு சின்னக் குழாய் வழியாகச் சொட்டுகிற தண்ணீரைக் கோகிலவாணி ஒரு பெரிய நீல பக்கெட்டில் பிடித்து மூடி வைத்திருப்பாள். குடிக்கிற தண்ணீர் நிரம்பி வழிவதை வீணாக்காமல் பிடித்துவைக்கிறாள் என்று அவளுடைய சிக்கனத்தை மனதுக்குள் பலமுறை பாராட்டியிருக்கிறேன். வீட்டில் இவ்வளவு இருக்கக் கடையில் எதற்கு வாங்குவது? அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். பக்கெட்டை அப்படியே தூக்கிவந்து, கடைசியாக ஒருமுறை அலசிவிட்டு, மிச்சத்தைக் கூலன்ட்டோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன்.

காற்றுக் குமிழ் வெளியேற, மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டி, உள்ளே ஹீட்டரை முழுதாகப் போட வேண்டும். மே மாதம், பதினொரு மணி. நான் ஹீட்டர் காற்றில் வியர்த்து நனைந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எதிர்வீட்டு மோகன்ராஜ் நின்றார்.

"என்ன சார், ஏசி வேலை செய்யலையா?"

"ஹீட்டர் போட்டிருக்கேன்."

அவர் ஒருமுறை வெயிலை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.

மாலையில் கேம்ப் ரோடு வரை ஓட்டிப் பார்த்தேன். வெப்பமுள் நடுவிலேயே நின்றது. "சரியாயிடுச்சு" என்று நான் சொன்னதும் கோகிலவாணி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "நீங்க சொன்னா சரி" என்றாள். அதைக் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

ஞாயிறு காலை சீர்த்தட்டுகளைக் கூடத்தில் அடுக்கிவிட்டு, அவள் உள்ளே தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் கையில் சாவியோடு நின்றேன். வீட்டு வேலைக்கு வரும் செல்லியம்மாள் ஏறக்குறையக் காலியான அந்த நீல பக்கெட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"சார், மெஷின் கயிவுத் தண்ணி எங்க? வூடு தொடைக்கணும்."

"எந்தக் கழிவு?"

"இதுல கீற தண்ணிதான். நல்ல தண்ணியெல்லாம் மெஷினுக்குள்ள நின்னுரும் சார். உப்பு மொத்தமும் இதுல வந்துரும். செடிக்கு ஊத்தினா செடியே கருகிப்பூடும். தொடைக்கத்தான் ஆவும்."

போர் தண்ணீரே தேவலை. போர் தண்ணீரின் உப்பைத் திரட்டி, அதையே நான் ரேடியேட்டருக்குப் புகட்டியிருந்தேன்.

"செடிக்கு ஊத்திட்டேன்" என்றேன்.

"ஐயய்யோ" என்று செல்லியம்மாள் துளசிச் செடியைப் பார்க்க ஓடினாள்.

ஒரு நாளில் எதுவும் ஆகாது என்று எனக்குத் தெரியும். பொருக்குப் படிய மாதங்கள் ஆகும். நாளைக்குச் சத்தமில்லாமல் வடித்துவிட்டு மறுபடி ஊற்றினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கோகிலவாணி ஒரு மாதத்துக்குப் பிறகு முன்சீட்டில் உட்கார்ந்து, வளையல் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வழியில நிக்காதுல்ல?"

"நிக்காது." இது பொய்யில்லை.

ஆனால் எனக்குச் சாலை தெரியவில்லை, முள்தான் தெரிந்தது. ஏசியைப் போடவில்லை. பெருங்களத்தூரில் சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். ஸ்ம்ருதிக்கு இது ஏழாம் மாதம் என்று தொடங்கி அவள் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள். நான் உம் கொட்டினேன். இந்தப் பேச்சுக்காகத்தான் வண்டியையே பழுது பார்த்தேன், அதில் ஒரு சொல்கூட என் காதில் ஏறவில்லை.

வண்டலூர் தாண்டியதும் ஓரம் கட்டினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நின்னுடுச்சா?"

"இல்ல. நானாதான் நிறுத்தினேன்."

சொன்னேன். பக்கெட், செல்லியம்மாள், துளசிச் செடி, எல்லாவற்றையும். லாரிகள் எங்களை உலுக்கிக்கொண்டு போயின. அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறொன்று.

"எட்டு வருஷமா அது என்ன தண்ணின்னு நினைச்சீங்க?"

"நல்ல தண்ணின்னு."

"அதை எடுத்து எப்பவாவது குடிச்சிருக்கீங்களா?"

நினைத்துப் பார்த்தேன். இரண்டு முறை.

தட்டிலிருந்த வளையல்கள் குலுங்கும்படி அவள் சிரித்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப வண்டி ஓடுமா, ஓடாதா?"

"ஓடும்."

"அப்ப ஓட்டுங்க. ஏசியைப் போடுங்க."

மண்டபத்தில் இறங்கிக் கால்மணி நேரத்துக்குள் செய்தி பரவிவிட்டது. பந்தியில் கேசவன் தானே என் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, "நல்ல தண்ணிதான் மாமா, பயப்படாம குடிங்க" என்றான். நான்கு இலைக்கு அப்பால் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர்கூடச் சிரித்தார்.

கிளம்பும்போது கேசவன் தன் புது வண்டியின் கதவைத் திறந்து பிடித்தான். "அக்கா, நீ இதுல ஏறு. நான் கொண்டுபோய் விடறேன். மாமா மெதுவா, நிறுத்தி நிறுத்தி வரட்டும்."

நான் சட்டைப் பையிலிருந்து என் சாவியை எடுத்தேன். தடுக்கும் தகுதி எனக்கு இல்லை.

கோகிலவாணி அந்தப் புது வண்டியை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"வேணாம்டா. உன் வண்டியில நீ என்ன ஊத்தியிருக்கேன்னு எனக்குத் தெரியாது. எங்க வண்டியில என்ன இருக்குன்னாவது தெரியும்" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்து சாவியை வாங்கி எங்கள் காரில் தன் பக்கத்து முன்கதவைத் திறந்தாள்.