சீட்டில் எழுதிய வழி

உசிலம்பட்டியைத் தாண்டி ரோடு பிரியும் இடத்தில் எங்கள் பழனிக் கூட்டம் நின்றுவிட்டது. வத்தலக்குண்டு வழியில் ஊர் ஊராக வாந்திபேதி என்று எதிரே வந்த வண்டிக்காரர்கள் சொன்னார்கள். நிலக்கோட்டை வழி சுற்று. பூசாரி பசுபதி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் இலையில் மடித்துப் போட்டுச் சாமியிடம் கேட்டார். நிலக்கோட்டைக்கே உத்தரவு வந்தது. பூக்கட்டிக் கேட்ட பிறகு காவடி வேறு வழியில் போகக் கூடாது.

எல்லோருக்கும் நிம்மதி. காவடி சுமந்து நின்ற என் அண்ணன் நல்லகாமனுக்கு மட்டும் முகம் செத்துப்போனது.

எங்கள் சாதி ஆண்களைப் பிறவித் திருடர்கள் என்று சர்க்கார் கைரேகை எடுத்து வைத்திருந்த காலம் அது. அவர்கள் வெளியூரில் இரவு தங்கச் சீட்டு வேண்டும். எந்த வழி, எந்த ஊரில் தங்கல் என்று அதில் எழுதியிருக்கும்; அந்தந்த ஊர் அதிகாரியான முன்சீப் கையெழுத்துப் போட வேண்டும்; ஊர் திரும்பியதும் போலீஸ் ஸ்டேஷனில் அதைக் காட்ட வேண்டும். கூட்டத்தில் எங்கள் சாதி ஆண் அண்ணன் ஒருவன்தான்; அவன் சீட்டில் இருந்தது வத்தலக்குண்டு வழி. மாறினால் ஜெயில். திரும்பிப் போய் மாற்றி வாங்குவதற்குள் தைப்பூசமே முடிந்துவிடும். அடுத்தவன் வேலியில் ஒரு முருங்கைக்காய் பறிக்காத மனிதனுக்கு இந்தக் கதி!

"சாமிக்குப் பயப்படவா, சர்க்காருக்குப் பயப்படவா?" என்று அண்ணன் கேட்டான்.

மதினி ஒச்சம்மாள் முன்னால் வந்தாள். அவர்கள் பிள்ளை பிழைத்ததற்கான நேர்த்திக்கடன் அது. "காவடியை என் தோளுக்கு மாத்துங்க மாமா. அது சாமி சொன்ன வழியில வரட்டும். நீங்க சீட்டுல உள்ள வழியில போங்க. செம்பட்டியில ரெண்டு ரோடும் சேரும்ல, அங்கன நிக்கிறேன்."

"பேதி ஊருக்குள்ள தனியா அனுப்புறியே, உனக்கென்ன கல்லு நெஞ்சா?" என்று நாத்தனார் நான் கத்தினேன்.

"ஜெயிலுக்குப் போனா எம்புட்டுக் காலமோ சோலை. பச்சத்தண்ணி பல்லுல படாம நடந்தா உசுரோட வந்துரலாம்" என்றாள் என்னிடம்.

காவடி தரையில் படாமல் தோள் மாறியது. அண்ணன் திரும்பிப் பார்க்காமல் போனான்.

மறுநாள் செம்பட்டிப் புளியமரத்தடியில் கூட்டம் கிளம்பத் துடித்தது. "பொழுது சாயுது ஒச்சம்மா" என்றார் பூசாரி. மதினி காவடியை இறக்கவில்லை, உட்காரவும் இல்லை. தூரத்தில் ஒருவன் தள்ளாடி வருவது தெரிந்ததும் ஓடினேன்.

அண்ணன்தான். உதடு வெடித்திருந்தது. நான் நீட்டிய தண்ணீரை மடமடவென்று குடித்தான். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சீட்டைக் காட்டுங்க" என்றாள் மதினி.

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"தங்குற ஊர்ல முன்சீப்புக்கே பாடை கட்டிக்கிட்டு இருந்தாக. அடுத்த ஊர்ல சனமே இல்ல."

எந்த வழியில் போயிருந்தாலும் ஜெயில்தான். இதற்காகவா அந்தச் சாவுக்குள் நடந்தான்? சீட்டு எழுதினவன் நாசமாய்ப் போக என்று மண்ணை வாரித் தூற்றினேன்.

மதினி அழவில்லை. காவடியை அண்ணன் தோளில் ஏற்றினாள்.

"பழனி வரைக்கும் நீங்களே தூக்குங்க மாமா. திரும்பையில ஸ்டேஷன் வாசல் வரைக்கும் நான் கூட வாரேன்."